கை காட்டியவர்

என் அக்காவின் கணவருக்கு பேக்கரியில் வைத்திருந்த பட்டப்பெயர் ஆமை. அவர் ஓட்டிய வேனுக்கும் அதே பெயர்தான். "ஆமை கிளம்பிருச்சா?" என்று முதலாளி கேட்டால் ஆளைக் கேட்கிறாரா வண்டியைக் கேட்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்பதால் யாரும் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதும் இல்லை. "உங்க ரொட்டி சூடா வராது. ஆனா நசுங்காம வரும்" என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னதை அத்தான் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வார். அதில் பாதி கிண்டல் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் சொல்வார்.

அக்கா அவருக்கு நேர் எதிர். வீட்டின் முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடைகள் தைப்பாள். ஊசிக்குச் சமமாக வாயும் ஓடும். "தன் கல்யாணத்துக்கே லேட்டா வந்த மனுஷன்கிட்ட என்ன எதிர்பார்க்கிறது?" என்பாள். அத்தான் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவார். அவர்களுக்கு ஒரே மகள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அறை காலியாக இருந்ததால் நான் அந்த வீட்டோடு வந்து சேர்ந்தேன். எனக்கு நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை.

அத்தான் தினமும் காலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அங்கே சாலை அகலமானது. நடுவில் தடுப்புச் சுவர், ஒவ்வொரு பக்கமும் இரண்டு வண்டிகள் அருகருகே போகலாம். பள்ளி வாசலுக்கு நேராகத் தடுப்பில் இடைவெளி விட்டு, குழந்தைகள் கடப்பதற்காக வெள்ளைக்கோடுகள் போட்டிருந்தார்கள். போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. டயர்கள் தேய்த்துத் தேய்த்து, பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே பட்டைகள் காணாமல் போயிருந்தன. இரண்டு பிள்ளைகள் கைகோத்து நடக்கும் படம் போட்ட பலகை ஒன்றும் இருந்தது. அதை ஒரு மரக்கிளை பாதி மறைத்திருந்தது.

அந்தக் கோட்டருகே ஆள் நின்றால் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஒரு வண்டி அங்கே நின்றுவிட்டால் பின்னால் வரும் வண்டி அதைத் தாண்டிப் போகக் கூடாது என்பதும் சட்டம். லைசென்ஸ் வாங்கும்போது எல்லோரும் இதைப் படிக்கிறார்கள். வாங்கியதும் மறந்துவிடுகிறார்கள். அத்தான் மறக்காதவர். கோட்டருகே யார் நின்றாலும் நிறுத்துவார். பின்னால் ஹாரன் அலறும். "அவன் ஹாரன் அடிக்கட்டும் மாப்ள, நான் பிரேக் அடிக்கிறேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார மாட்டார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, "போங்க, போங்க" என்று விசிறுவது போல ஆட்டுவார். வயதானவர்கள் தலையசைத்துவிட்டுக் கடப்பார்கள். பிள்ளைகள் திருப்பிக் கையாட்டுவார்கள். வேனின் பக்கவாட்டில் பெரிய ரொட்டிப் படம் இருந்ததால் அவர்களுக்கு அவர் ரொட்டி மாமா.

அந்தக் காலையும் மற்றக் காலைகளைப் போலத்தான் இருந்தது. மழையில்லை, பனியில்லை. பள்ளியின் முதல் மணி அடிக்கப்போகிற நேரம். பிள்ளைகளில் பெரும்பாலோர் உள்ளே போய்விட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி மட்டும் கோட்டருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். தினமும் முனை வரைக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அங்கிருந்து சாலையைக் கடக்கவும் வைத்து, பிறகு தன் பஸ்ஸுக்குத் திரும்புவார். அன்று அவர்கள் முனைக்கு வந்தபோதே பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் வேலைக்குத் தாமதம். "பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

அத்தான் நடைபாதையை ஒட்டிய பாதையில் வந்துகொண்டிருந்தார். சிறுமியைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். அவள் உடனே இறங்கவில்லை. முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில், அப்படியே நின்று கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தாள். அத்தான் வழக்கம்போல் கையை எடுத்து ஆட்டினார். அவள் சிரித்தாள். நடைபாதையிலிருந்து இறங்கி வேனுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

வேன் உயரமானது. அதற்கு அப்பாலுள்ள பாதை அவளுக்குத் தெரியாது. அந்தப் பாதையில் வருபவருக்கும் அவள் தெரியமாட்டாள். அவள் வேனின் பாதி அகலத்தைத் தாண்டியபோது அத்தான் பக்கக் கண்ணாடியில் ஒரு காரைப் பார்த்தார். அது நிற்கிற வேகத்தில் வரவில்லை. ஹாரனை அழுத்தினார். சத்தம் கேட்டதும் சிறுமி நின்றாள். என்ன தப்புச் செய்தோம் என்று கேட்பது போல அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நின்ற இடம் வேனின் விளிம்பைத் தாண்டியிருந்தது.

காரை ஓட்டியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அதே பள்ளியில் படிக்கும் தன் மகனை விட வந்தவர். பையன் பின் சீட்டில் இருந்தான். மணி அடிப்பதற்குள் அவனை வாசலில் இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம். முன்னால் வேன் ஏதோ ரொட்டி இறக்க நிற்கிறது என்று நினைத்தேன் என்றுதான் அவர் முதலில் போலீஸிடம் சொன்னார். அது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிறுமியைத் தூக்கிக் காரில் ஏற்றியது அத்தான்தான். மருந்துக்கடைக்காரரால் ஓட்ட முடியவில்லை. வேறு யாரோ ஓட்டினார்கள். மறுநாள் மாலை அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

இன்ஸ்பெக்டர் நல்லவர். அத்தானை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். வண்டியை நிறுத்தினீர்களா? நிறுத்தினேன். கோட்டுக்கு முன்னாலா? முன்னால்தான். பக்கத்துப் பாதையில் வந்த கார் நின்றதா? இல்லை. "நீங்க சட்டப்படி நடந்துக்கிட்டீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாரும் உங்கள மாதிரி நிறுத்தினா எனக்கு வேலையே இருக்காது" என்று தோளைத் தட்டி அனுப்பினார். கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அத்தானும் சொல்லவில்லை.

பேக்கரியில் முதலாளி வருகிற போகிறவர்களிடமெல்லாம் "அந்த வேன் நம்ம வேன்தான். நம்ம ஆள் நிறுத்தினார், அந்தக் கார்க்காரன் நிறுத்தல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில், விதியை மதித்த ஓட்டுநர் என்று ஒரு வரி வந்தது. அக்கா அதைப் படித்துக் காட்டியபோது அத்தான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். வாய்க்குள் போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கேட்டேவிட்டாள். "என்னங்க ஆச்சு உங்களுக்கு? நீங்க என்ன பண்ணீங்க? நிறுத்தத்தானே செஞ்சீங்க?"

"கூப்பிட்டேன்" என்றார் அத்தான்.

"என்ன?"

"அது நின்னுட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் வான்னு கை காட்டினேன். பக்கத்துல வண்டி வருதான்னு பாக்கல. பாக்கணும்னே தோணல."

அக்கா தையல் மிஷினின் கால் மிதியிலிருந்து பாதத்தை எடுத்தாள். அவள் பேசாமலிருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

"நல்லதுக்குத்தானே காட்டினீங்க" என்றாள் பிறகு. "யாருங்க கேட்டாங்க உங்கள? கேக்காத கேள்விக்கு பதில் சொல்லி என்ன ஆகப் போகுது? அந்தப் பிள்ளை எழுந்து வருமா? இத இதோட விடுங்க. வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க." என் பக்கம் திரும்பி, "நீயும்தான்டா" என்றாள்.

அத்தான் தொடர்ந்து வேன் ஓட்டினார். அதே வழி, அதே கோடு. ஒருநாள் கடைக்கு வண்டி கிடைக்காமல் நானும் அவரோடு போனேன். கோட்டருகே இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். அத்தான் நிறுத்தினார். பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்குப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. பெரியவள் சின்னவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எங்கள் வேனின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை அத்தான் பக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வண்டியைக் கிளப்பியபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்தப் பள்ளியின் சீருடைத் துணியும் அக்காவிடம்தான் தைக்க வரும். சில மாதங்கள் அதை மட்டும் வாங்க மறுத்தாள். கண் சரியில்லை, அந்த நிறம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதேதோ காரணம் சொன்னாள். பிறகு மெதுவாக மறுபடி வாங்கத் தொடங்கினாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. மருந்துக்கடைக்காரரை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். ஏதோ காகிதங்களைப் பிரதி எடுக்க எங்கள் கடைக்கு வந்தார். நான் யாருடைய மைத்துனன் என்று அவருக்குத் தெரியாது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். சில்லறையை வாங்காமலே போய்விட்டார். கூப்பிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் மகனை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டதாகவும், பையன் காரில் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடிப்பதாகவும் பக்கத்துக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

விசாரணை நாளில் நானும் அக்காவும் பின் வரிசையில் உட்கார்ந்தோம். முன் பெஞ்சின் ஓரத்தில் சிறுமியின் அம்மா. அவரை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். மெலிந்த உடம்பு. சலவைச் சோடாவில் ஊறிப்போன, தோல் உரிந்த கைகள். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பக்கத்தில் அவர் கணவர். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

மருந்துக்கடைக்காரரின் வக்கீல் கெட்டிக்காரர். குரலை உயர்த்தாமலே பேசினார். தன் கட்சிக்காரர் எவ்வளவு மெதுவாக வந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது என்றார். மணி அடிக்கப்போகிறது. குழந்தைக்குத் தாமதமாகிவிட்டது. வேன் நிற்கும் முன்பே அது சாலையில் பாய்ந்து, குறுக்கே ஓடியிருக்கிறது. "விளையாட்டுப் புத்தி. யாரையும் குறை சொல்ல முடியாது. பெற்றவர்கள் கூட இருந்திருந்தால் நடந்திருக்காது" என்றார்.

சிறுமியின் அம்மா எழுந்து நின்றார். "என் பொண்ணு ஓட மாட்டா" என்றார்.

நீதிபதி ஒரு பெண்மணி. "உட்காருங்கம்மா. உங்க தரப்பும் கேட்போம்" என்று சொன்னார். அவர் உட்காரவில்லை. கணவர் கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையை உதறிவிட்டுப் பிறகு உட்கார்ந்தார்.

பள்ளி வாசல் காவலாளி வந்தார். சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன், அதற்கு முன் எதுவும் பார்க்கவில்லை என்றார். அதன் பிறகு அத்தானைக் கூப்பிட்டார்கள்.

அரசு வக்கீலின் கேள்விகள் சுலபமானவை. நிறுத்தினேன், கார் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் சொன்ன அதே பதில்கள். இதோடு முடிந்துவிடும் என்று அக்கா என் காதருகே சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"குழந்தை ஓடித்தானே வந்தா?"

"இல்லைங்க. நடந்து வந்தா."

"பள்ளிக்கூடத்துக்கு லேட்டான பிள்ளை நடந்து வருமா? நீங்க பிரேக் போடுற அதே நேரத்துல ரோட்டுல குதிச்சிருக்கும். உங்க கவனம் பிரேக்ல இருந்திருக்கும். அப்படித்தானே?"

அத்தான் முன் பெஞ்சைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும். என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அப்படி இல்லைங்க" என்றார் அத்தான். "அவ நடைபாதையில நின்னா. வேன் முழுசா நிக்கிற வரைக்கும் நின்னா. நின்ன பிறகும் இறங்கல. என் முகத்தப் பாத்துட்டே இருந்தா. நான் வான்னு கை காட்டினேன். அதுக்கு அப்புறம்தான் காலெடுத்து வெச்சா."

வக்கீல் ஒரு நொடி திகைத்தார். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கை காட்டினீங்களா? இத போலீஸ்ல சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல. நானும் சொல்லல."

"கை காட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துல வண்டி வருதான்னு பாத்தீங்களா?"

"பாக்கலைங்க."

"ஹாரன் அடிச்சது யாரு?"

"நான்தான். கார் கண்ணாடியில தெரிஞ்சதும் அடிச்சேன். சத்தம் கேட்டு அவ நின்னுட்டா. என்னத் திரும்பிப் பாத்தா. அடிக்காம இருந்திருந்தா ஒருவேள தாண்டியிருப்பா. தாண்டாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியலைங்க. எத்தனையோ தடவ நினைச்சுப் பாத்துட்டேன், தெரியல."

வக்கீல் ஓட்டுநர்களுக்கான கையேட்டை எடுத்து நீதிபதியிடம் நீட்டினார். கோட்டில் வண்டியை நிறுத்தும் ஓட்டுநர் பாதசாரியைக் கை காட்டி அழைக்கக் கூடாது, மற்ற வண்டிகள் வரலாம், கடப்பவரே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. அத்தான் அதைப் படித்ததே இல்லை. அவர் லைசென்ஸ் வாங்கிய காலத்தில் அந்த வரி இருந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

"ஆக, குழந்தையை ரோட்டுக்கு நடுவுல கூப்பிட்டு நிறுத்தினது நீங்கதான்" என்றார் வக்கீல்.

"ஆமாங்க" என்றார் அத்தான்.

நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "குழந்தை கோட்டுக்குள்ள நடந்தாளா, வெளியவா?"

"கோட்டுக்குள்ளதாங்கம்மா. அழிஞ்சு போன கோடு. இருந்தாலும் அதுக்குள்ளதான் நடந்தா."

வெளியே வந்தபோது சிறுமியின் அம்மா எங்களைக் கடந்து போனார். பார்த்தாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அக்கா, "சொல்லிட்டீங்க" என்றாள். அதில் கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால் வேறு ஏதோவும் இருந்தது. அன்று அத்தானுக்குப் பரிமாறிவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அத்தானின் மீது எல்லாப் பழியையும் போடப் பார்த்ததில் வக்கீல் தன் முதல் வாதத்தை அவரே உடைத்துவிட்டார். குழந்தை பாய்ந்து ஓடவில்லை என்றாகிவிட்டது. கோட்டில் ஒரு வண்டி நின்றால் அடுத்த வண்டியும் நின்றாக வேண்டும், ஏன் நிற்கிறது என்பது தெரியாவிட்டாலும் நின்றாக வேண்டும், தெரியாமலிருப்பதற்காகத்தான் அந்தச் சட்டமே இருக்கிறது என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். மருந்துக்கடைக்காரருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, லைசென்ஸும் பறிக்கப்பட்டது. அத்தானைப் பற்றியும் தீர்ப்பில் ஒரு பத்தி இருந்தது. நல்லெண்ணத்தோடு செய்தது, ஆனாலும் செய்திருக்கக் கூடாதது என்று. அவருக்குத் தண்டனை ஏதும் இல்லை.

ஆனால் பேச்சு மாறிவிட்டது. முந்தின மாதம் வரை அவரைத் தலையில் தூக்கி வைத்துப் பேசியவர்கள், "அவர்தான் கூப்பிட்டாராமே" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. பேக்கரியில் அவரை ஆமை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணே, டிரைவர் அண்ணே என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அது அவருக்கு எவ்வளவு வலித்தது என்பதை அக்காவிடம் மட்டும் சொன்னார்.

ஒருநாள் வேன் சாவியை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டார். "உள்ள ஏதாவது வேல இருந்தா குடுங்க" என்று கேட்டார். முதலாளி மறுத்துப் பேசவில்லை. ரொட்டியை உறையில் போட்டு ஒட்டும் மேஜையில் இடம் கொடுத்தார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஒரு மத்தியான வேளையில் சிறுமியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று எனக்கு விடுமுறை. கதவைத் திறந்தது அக்கா. யாரென்று தெரிந்ததும் மிஷின் பக்கம் ஓடினாள். மிஷின் மேல் அந்தப் பள்ளியின் சட்டைகள் குவிந்து கிடந்தன. ஒரு போர்வையை எடுத்து அவசர அவசரமாக மூடினாள்.

"இருக்கட்டும்க்கா. நான் பாக்காத சட்டையா" என்றார் அவர்.

அத்தான் உள்ளறையிலிருந்து வந்து சுவரோரம் நின்றார். அக்கா நாற்காலியை நகர்த்திப் போட்டும் வந்தவர் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அந்த அம்மா. "அவ உங்க மூஞ்சியப் பாத்தான்னு சொன்னீங்களே. எவ்வளவு நேரம் பாத்தா?"

"கொஞ்ச நேரம்தாம்மா."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா. கை காட்டினதும் சிரிச்சா."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். வண்டி நின்னா மட்டும் பத்தாது, ஓட்டுறவங்க மூஞ்சியப் பாரு, அவங்க உன்னப் பாத்து போன்னு சொன்னாத்தான் போகணும்னு. தினமும் சொல்வேன். பக்கத்துல இன்னொரு வண்டி வரும், அதையும் எட்டிப் பாருன்னு சொன்னதில்ல. நான் கூடவே இருந்ததால நானே பாத்துப்பேன். அவளுக்குச் சொல்லணும்னு தோணல."

"எனக்கும் தோணலம்மா" என்றார் அத்தான்.

அக்கா அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஓடிட்டா ஓடிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல சொன்னாங்க, எங்க தெருவுல சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர்கூட ஒருநாள் கேட்டார், அவசரத்துல நீதான் ஓடச் சொன்னியான்னு. அன்னிக்கு நீங்க சொன்ன பிறகு அவர் கேக்கல." தண்ணீரைக் கொஞ்சம் குடித்தார். "உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல நான் வரல. இருக்கு. போகுமான்னு தெரியல. அவ எப்படி நின்னான்னு பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். அதான் வந்தேன்."

அத்தான் அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், சுவரில் சாய்ந்தபடி. நீதிமன்றத்திலும் அழாதவர். அந்த அம்மா அவரைத் தேற்றவில்லை. டம்ளரை மிஷின் ஓரத்தில் வைத்துவிட்டு, அக்காவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா வாசல் வரை போய், அவர் தெருமுனை திரும்பும் வரை நின்றாள்.

தீர்ப்பின் பிரதியை எங்கள் கடையில்தான் எடுத்தார்கள். பள்ளிப் பெற்றோர் சிலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நகரசபையை விடாமல் நச்சரித்தார்கள். ஆண்டு திரும்புவதற்குள் அந்த இடத்தில் சாலையைக் குறுக்கினார்கள். இப்போது அங்கே ஒரு பக்கத்துக்கு ஒரு வண்டிதான் போக முடியும். நின்ற வண்டியைத் தாண்ட வழியே கிடையாது. கோட்டை மேடாக்கி, புது வெள்ளை அடித்து, வண்டிகள் நிற்க வேண்டிய இடத்தை நன்றாகப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் வண்டிகளை நிறுத்தும் பலகையோடு ஒரு பெண் நிற்கிறார். மரக்கிளையையும் வெட்டிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு அத்தானைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் போகவில்லை. அந்த அம்மாவும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். போய் வந்தவர்கள் நகரசபைத் தலைவர் நன்றாகப் பேசினார் என்றார்கள்.

வேனை விட்ட பிறகு அத்தான் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். சலவைக்கூடம் பேக்கரியைத் தாண்டி இருக்கிறது. அதனால் அந்த அம்மாவும் அதே பஸ்ஸில் வருவார். முதல் நாள் அவர் ஏறியதைப் பார்த்ததும் அத்தான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதி தூரத்தை நடந்தே போனார். மறுநாள் வேறு பஸ் பிடித்தார். அது சரிப்பட்டு வராமல் பழைய பஸ்ஸுக்கே திரும்பினார். இவர் பின்னால் நிற்பார், அவர் முன்னால் நிற்பார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இப்படியே வெகுகாலம் போனது.

போன வாரம் அத்தான் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமலே அக்காவின் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னிக்கு பஸ்ல என் பக்கத்துல இடம் இருந்துச்சு. அவங்க வந்து உக்காந்தாங்க" என்றார்.

அக்கா தையலை நிறுத்தினாள். "என்ன பேசினாங்க?"

"ஒண்ணும் பேசல."

"நீங்க?"

"நானும் பேசல. ஜன்னல் பக்கம் வெயில் அடிச்சுது. திரைய இழுத்து விட்டேன். பேக்கரி வந்ததும், அவங்க கால ஒதுக்கி வழி விட்டாங்க. இறங்கிட்டேன்."